ஜப்பானின் இருவர் குழுக்களும் அவர்களின் ஹிட் பாடல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே பார்த்துவிட்டு "அந்த ஓப்பனிங் பாட்டைப் பாடியது யார்?" என்று தேடிப் போகிறவர்கள் கடைசியில் யோஅசோபி, க்ரீப்பி நட்ஸ், யொருஷிகா போன்ற பெயர்களில் வந்து நிற்கிறார்கள். மூன்றுமே இருவர் குழுக்கள். அதற்குப் பின்னால் அறுபது வருடத்துக்கும் மேலான ஒரு வரிசை இருக்கிறது. அதில் புதிதாக நுழைகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

டூயட் பாட்டும் இருவர் குழுவும் ஒன்றுதானே?

இல்லை. டூயட் ஒரு பாட்டோடு முடிந்துவிடும். பாடிய இருவரும் மறுநாள் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். இருவர் குழு என்பது ஒரே பெயரில், ஒரே மேடையில், வருடக்கணக்கில் சேர்ந்து இயங்கும் இரண்டு பேர்.

ஜப்பானில் இதில் பல வகை உண்டு. தி பீனட்ஸ், பிங்க் லேடி, யுஸு, கொபுகுரோ ஆகியவற்றில் இருவருமே பாடுவார்கள். பீ'ஸ் குழுவில் இனாபா கோஷி பாடுவார், மட்சுமோட்டோ தகாஹிரோ கிட்டார் வாசித்து மெட்டும் போடுவார். யோஅசோபியில் இகுரா பாடுவார், அயாசே பாட்டு மொத்தத்தையும் உருவாக்குவார். க்ரீப்பி நட்ஸில் ஒருவர் ராப், மற்றவர் டிஜே.

இந்தக் குழுக்களைக் கேட்க நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு வழி இருக்கிறது. முதலில் காதில் விழும் குரலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மற்றவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பாதிப் பாடல்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஒரே மாலையில் கேட்டு முடிக்க வேண்டுமென்றால் இந்த ஐந்து போதும்: தி பீனட்ஸின் 'கோய் நோ பகான்ஸு' (1963), பிங்க் லேடியின் 'யூஎஃப்ஓ' (1977), சாகே அண்ட் ஆஸ்காவின் 'சே எஸ்' (1991), யுஸுவின் 'நட்சுஇரோ' (1998), யோஅசோபியின் 'யொரு நி ககேரு' (2019). வருட வரிசையிலேயே கேளுங்கள். ஜாஸ் சாயல் கொண்ட இரட்டைக் குரலில் தொடங்கி, டிவி நடனம், நாடகத் தொடர் பாட்டு, தெரு கிட்டார் என்று போய் லேப்டாப் இசையில் வந்து முடியும். ஜப்பானிய பாப் இசையின் வரலாறே இந்த ஐந்தில் ஓரளவு பிடிபட்டுவிடும்.

தி பீனட்ஸ் யார்? காட்ஸில்லா படத்தில் வரும் அந்தக் குட்டிப் பெண்களா?

அவர்களேதான். எமி, யுமி என்ற இரட்டைச் சகோதரிகள். 1941-இல் ஐச்சி மாகாணத்தில் பிறந்தவர்கள். 1959-இல் 'கவாய் ஹனா' என்ற பாட்டோடு அறிமுகமானார்கள். அது சிட்னி பெஷேயின் ஒரு ஜாஸ் மெட்டுக்கு ஜப்பானிய வரிகள் போட்டது.

1961-இல் தோஹோ நிறுவனம் எடுத்த 'மோத்ரா' படத்தில், ராட்சத அந்துப்பூச்சியைப் பாட்டுப் பாடி அழைக்கும் இரண்டு குட்டித் தேவதைகளாக வந்தார்கள். அந்தப் பாட்டுக்கு இசை கோசெகி யூஜி. வரிகள் ஜப்பானிய மொழியில் இல்லை, இந்தோனேசிய மொழியில் இருக்கின்றன. மலாய் தெரிந்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் கொஞ்சம் கூர்ந்து கேட்டால் பல சொற்களைப் பிடித்துவிடலாம்.

ஆனால் அவர்களை அந்தப் பாட்டோடு நிறுத்திவிடக் கூடாது. 'கோய் நோ பகான்ஸு' கேளுங்கள். வரிகள் இவாதானி தொகிகோ, இசை மியாகாவா ஹிரோஷி. கோடை விடுமுறைக் காதல்தான் கரு. ஸ்விங் தாளத்தில் ஒரு துள்ளல், அதன் மேல் ஒரு லேசான சோகம். உடன்பிறந்த இரட்டையர் என்பதால் இருவர் குரலின் நிறமும் ஒன்றேதான். ஒருவர் மேலே, மற்றவர் கீழே என்று சுருதி பிரியும்போதுகூட, ஒரே ஆளின் குரல் இரண்டாகப் பிளந்ததுபோல் கேட்கும். இரண்டு தனித்தனிப் பாடகிகளை எவ்வளவு பயிற்சி கொடுத்து நிறுத்தினாலும் இது வராது.

இந்தப் பாட்டு சோவியத் யூனியனுக்கும் போனது. நீனா பன்டலேயெவா ரஷ்ய மொழியில் பாடியது அங்கே பெரிய ஹிட். ரஷ்யாவில் பலர் இதைத் தங்கள் ஊர்ப் பாட்டு என்றே நினைத்திருக்கிறார்கள்.

1975-இல், முப்பத்து நாலு வயதில், பீனட்ஸ் மேடையை விட்டு விலகினார்கள். பிறகு திரும்பி வரவே இல்லை. எமி 2012-இலும் யுமி 2016-இலும் காலமானார்கள்.

பிங்க் லேடி அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய அலை?

இன்றைய ரசிகர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மீ, கெய் இருவரும் ஷிசுவோகாவைச் சேர்ந்த பள்ளித் தோழிகள். 'ஸ்டார் தஞ்ஜோ!' என்ற டிவி திறமைத் தேடல் நிகழ்ச்சியில் ஓவரால்ஸ் போட்டுக்கொண்டு, அடக்கமான ஃபோக் பாணியில் பாடித் தேர்வானவர்கள். 1976 ஆகஸ்டில் 'பெப்பர் கெய்பு' வந்தபோது ஆளே மாறியிருந்தார்கள். மினுமினுக்கும் குட்டை உடை, இருவரும் இம்மி பிசகாமல் ஆடும் நடனம்.

இரண்டாவது சிங்கிளான (தனியாக வெளியிடும் பாட்டு) 'எஸ்.ஓ.எஸ்' தொடங்கி 'கமீலியன் ஆர்மி' வரை ஒன்பது சிங்கிள்கள் வரிசையாக ஓரிகான் தரவரிசையில் முதலிடம். 'யூஎஃப்ஓ' 1977 டிசம்பரில் வந்தது, பதினைந்து லட்சத்துக்கும் மேல் விற்றது, 1978-க்கான ஜப்பான் ரெக்கார்டு விருதை வாங்கியது.

இவர்களுக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். வரிகள் அகு யூ, இசை தொகுரா ஷுன்இச்சி, நடனம் தோய் ஹஜிமே. அகு யூவின் கற்பனையைப் பாருங்கள். 'யூஎஃப்ஓ'வில் காதலன் வேற்றுக் கிரகவாசி. 'சவுத்பா'வில் கதாநாயகி பெரிய பேஸ்பால் வீரரை எதிர்த்து நிற்கும் இடக்கைப் பெண் பிட்சர். 'மான்ஸ்டர்', 'தோமெய் நிங்கென்' (கண்ணுக்குத் தெரியாத மனிதன்) என்று ஒவ்வொரு பாட்டும் ஒரு காமிக்ஸ் கதை. அதனால்தான் சின்னக் குழந்தைகள் இவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். நாடு முழுக்க ஆரம்பப் பள்ளிச் சிறுமிகள் அந்த நடனத்தை ஆடினார்கள். இருவர் குழு என்பதால் ஒரு தோழி கிடைத்தால் போதும், பிங்க் லேடி ஆகிவிடலாம். இந்தக் குழுவின் வெற்றியில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் சரிவு வந்தது. 1978 டிசம்பர் 31 அன்று பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் கோஹகு உதா கஸ்ஸென் நிகழ்ச்சிக்குப் போகாமல், அதே நேரத்தில் வேறு சேனலில் தனி நிகழ்ச்சி நடத்தினார்கள். வருடக் கடைசி இரவில் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி கோஹகு. அதைத் தவிர்த்தது பலருக்குப் பிடிக்கவில்லை. 1979-இல் 'கிஸ் இன் தி டார்க்' என்ற ஆங்கிலப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100-இல் 37-ஆவது இடம் வரை போனது. 1963-இல் பாடகர் சாகமோட்டோ கியூவுக்குப் பிறகு எந்த ஜப்பானியரும் அங்கே முதல் நாற்பதுக்குள் வந்ததில்லை. 1980-இல் என்.பி.சி. சேனல் அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியே கொடுத்தது. ஆங்கிலம் சரியாகத் தெரியாததால் வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார்கள். சில வாரங்களில் நிகழ்ச்சி நின்றுபோனது. 1981 மார்ச் 31 அன்று கொராகுஎன் மைதானத்தில் கலைப்புக் கச்சேரி.

ஐந்தே வருடத்துக்குள் இத்தனையும். அந்த இரண்டு பெண்களுக்கு நிம்மதியாகத் தூங்க நேரம் இருந்திருக்குமா என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பின்னாளில் பல முறை மீண்டும் சேர்ந்து பாடினார்கள், அதே நடனத்தோடு. அந்தக் காணொளிகளில் அவர்கள் முகத்தில் தெரியும் சந்தோஷத்தைப் பார்க்கத் தவறாதீர்கள்.

எழுபதுகளில் எல்லாமே இப்படி ஆட்டம் பாட்டம்தானா? அமைதியான பாடல்கள் இல்லையா?

நிறைய உண்டு. கிரேப் குழுவின் 'ஷோரோ நகாஷி' (1974) கேளுங்கள். நாகசாகிக்காரரான சதா மசாஷி பாட்டும் வயலினும், யோஷிதா மசாமி கிட்டார். நாகசாகியில் ஆகஸ்ட் 15 மாலை, அந்த வருடம் இறந்தவர்களுக்காக அலங்கரித்த படகுகளைத் தெருத்தெருவாக இழுத்துப்போய் வழியனுப்பும் சடங்கு உண்டு. இறந்துபோன காதலனை அப்படி வழியனுப்பும் ஒரு பெண்ணின் குரலில் பாட்டு போகிறது.

வயலின் தொடங்கியவுடனேயே மனசு கனத்துவிடும். ஆனால் நிஜச் சடங்கில் காது கிழியும் அளவுக்குப் பட்டாசு வெடிப்பார்கள். பாட்டைக் கேட்டுவிட்டு அமைதியான விழாவை எதிர்பார்த்து நாகசாகி போகிறவர்கள் திகைத்துப்போவார்கள். சதா அந்தச் சத்தத்தை எல்லாம் விலக்கிவிட்டு, கூட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும் ஒருத்தியின் மனசை மட்டும் எடுத்துக்கொண்டார். நகோயாவின் இரவு வானொலி நிகழ்ச்சி ஒன்றில் திரும்பத் திரும்ப ஒலித்துத்தான் இந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது.

இதே வழியில் வந்தது அமின் குழுவின் 'மட்சு வா' (1982). நகோயாவில் படித்துக்கொண்டிருந்த ஒகாமுரா தகாகோ, காதோ ஹருகோ என்ற இரண்டு மாணவிகள். யமஹா நடத்திய 'பாப்கான்' என்ற பாடல் போட்டியில் வென்று, அந்த வருடத்தின் ஓரிகான் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பிரிந்தார்கள். கிட்டத்தட்ட ஒரே ஒரு பெரிய ஹிட், ஆனால் நாற்பது வருடமாக நின்றுவிட்டது.

'சே எஸ்' பாட்டை ஏன் எல்லோரும் அவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1991 கோடையில் ஃபூஜி டிவியில் '101-கைமே நோ ப்ரொபோஸ்' என்ற தொடர் வந்தது. தொண்ணூற்றொன்பது பெண் பார்க்கும் படலங்களில் நிராகரிக்கப்பட்ட நடுத்தர வயது மனிதர், காதலனை விபத்தில் இழந்த ஒரு செல்லோ கலைஞரை விரும்புகிறார். இறுதிப் பகுதியை ஜப்பானில் மூன்றில் ஒரு வீட்டுக்கு மேல் பார்த்தது. அந்தத் தொடரின் பாட்டுதான் 'சே எஸ்'. பதின்மூன்று வாரம் தொடர்ந்து முதலிடம், இருபத்தெட்டு லட்சம் பிரதிகள்.

தொடர் ஓடியதால் பாட்டும் ஓடியது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆஸ்கா எழுதிய மெட்டு பியானோவோடு மெதுவாகத் தொடங்கி, பல்லவியில் ஒரேயடியாக விரிகிறது. அந்த இடத்தில் சாகேயின் குரல் வந்து சேர்வதைக் கவனியுங்கள். ஆஸ்காவின் குரல் கனமானது, அழுத்திப் பாடுவார். சாகேயின் குரல் மெல்லியது, கூர்மையானது. அது மேலே போய் நின்ற பிறகுதான் பாட்டு வானம் அளவுக்கு விரிகிறது. ஆஸ்கா மட்டும் தனியாகப் பாடும் பதிவுகளைக் கேட்டால் அந்த வித்தியாசம் புரியும்.

அந்தக் காலத்தில் சிங்கிள் பாட்டு எட்டு சென்டிமீட்டர் குட்டி சிடியில், நீளமான அட்டை உறையில் வரும். டிவி தொடரில் கேட்டு, கடையில் வாங்கி, கராவோகேயில் பாடுவார்கள். தொண்ணூறுகளில் பத்து லட்சம், இருபது லட்சம் என்று விற்ற பாடல்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்தன.

இதே குழுவின் 'யா யா யா' (1993) கேட்கும்போது கச்சேரிக் காணொளியாகப் பாருங்கள். அரங்கம் மொத்தமும் முஷ்டியை உயர்த்தும். 'ஆன் யுவர் மார்க்' பாட்டுக்கு அனிமேஷன் இயக்குநர் மியாசாகி ஹயாவோ ஏழு நிமிடத்துக்குள் முடியும் ஒரு அனிமேஷன் எடுத்தார். 1995-இல் அவருடைய ஜிப்லி ஸ்டுடியோவின் 'மிமி ஓ சுமாசெபா' படத்தோடு திரையிடப்பட்டது. சிறகு முளைத்த பெண்ணைக் காப்பாற்றும் இரண்டு போலீஸ்காரர்கள், சாகேயும் ஆஸ்காவும் மாதிரியே இருப்பார்கள். ஆஸ்கா 2019-இல் குழுவை விட்டு விலகினார்.

பீ'ஸ் ஜப்பானில் அதிகம் விற்ற குழு என்கிறார்களே, வெளியே ஏன் அவ்வளவாகத் தெரியவில்லை?

ஆமாம், சிங்கிளும் ஆல்பமும் சேர்த்து எட்டுக் கோடிக்கும் மேல். 1988-இல் தொடங்கியவர்கள். 1990-இல் 'தையோ நோ கொமாச்சி ஏஞ்ஜல்' முதலிடம் பிடித்தது, அதற்குப் பிறகு வந்த சிங்கிள்களும் முதலிடம்தான். வெளியே தெரியாததற்குக் காரணம் எளிது: உள்நாட்டுச் சந்தையே அவ்வளவு பெரியது, வெளியே போக வேண்டிய அவசியம் வரவில்லை.

'டிடெக்டிவ் கோனன்' பார்த்தவர்கள் இவர்கள் பாடலைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. புதிதாகக் கேட்க 'அல்ட்ரா சோல்' (2001) போதும். ஃபுகுவோகாவில் நடந்த உலக நீச்சல் போட்டிக்கான டிவி பாட்டு அது. தலைப்பைக் கத்தியவுடன் கூட்டமே "ஹாய்!" என்று ஒரு குதி குதிக்கும். 2024 டிசம்பர் 31 அன்று இவர்கள் முதன்முறையாகக் கோஹகுவில் பாடினார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் எதிர்பாராமல் அரங்குக்குள்ளேயே வந்து 'லவ் ஃபான்டம்' பாடி, அடுத்து 'அல்ட்ரா சோல்' தொடங்க, மற்றக் கலைஞர்களே ரசிகர்களைப்போலத் துள்ளினார்கள். மட்சுமோட்டோ 2011-இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் லாரி கார்ல்டனோடு சேர்ந்து கிராமி வாங்கியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெருவில் பாடிப் பெரியவர்கள் ஆனவர்கள் என்று சொல்லப்படுவது யாரை?

முக்கியமாக இரண்டு குழுக்கள், யுஸுவும் கொபுகுரோவும்.

யுஸுவின் கிதாகாவா யூஜின், இவாசாவா கோஜி இருவரும் யோகோஹாமாவில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். இசேசாகிச்சோ கடைத்தெருவில், மட்சுசகாயா டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஷட்டர் இறக்கிய பிறகு, அதன் முன்னால் கிட்டாரோடு பாடுவார்கள். 1998 ஆகஸ்ட் 30 அன்று அங்கே கடைசித் தெருக் கச்சேரி. புயல் மழையிலும் சுமார் 7,500 பேர் கூடினார்கள்.

அந்தக் கோடையில் வந்ததுதான் 'நட்சுஇரோ'. நீளமான சரிவில், பின்னால் அவளை உட்காரவைத்து, பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளில் இறங்கும் காட்சி. கதை அவ்வளவுதான். கிதாகாவா எழுதிய பாட்டு. ஆனால் அதற்கு அந்த வெயிலைக் கொண்டுவருவது இவாசாவாவின் குரல். அடித்தொண்டை இல்லாமல் நேராக மேலே ஏறும் குரல் அது, கொஞ்சமும் நடுங்காது. கச்சேரியில் பாட்டு முடிந்ததும் கூட்டம் "இன்னொரு தடவை!" என்று கத்தும், கடைசிப் பல்லவியைத் திரும்பப் பாடுவார்கள். அதுவும் முடிந்தால் மறுபடியும். இந்தக் கூத்து இல்லாத யுஸு கச்சேரி கிடையாது.

2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ் ஒளிபரப்புக்காக என்.எச்.கே. இவர்களின் 'எய்கோ நோ ககேஹாஷி'யைப் பயன்படுத்தியது. ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிப் போட்டியில் ஜப்பான் 28 வருடத்துக்குப் பிறகு தங்கம் வாங்கப்போகிறது. கடைசி வீரர் பாரில் இருந்து கையை விட்டுச் சுழன்று இறங்கும் அந்த நொடியில், வர்ணனையாளர் இந்தப் பாட்டின் தலைப்பையே வாக்கியத்துக்குள் வைத்துப் பேசினார். கால்கள் தரையில் அசையாமல் ஊன்றின. அன்றிலிருந்து இது எல்லாப் பள்ளி விளையாட்டு விழாவிலும் பட்டமளிப்பிலும் ஒலிக்கும் பாட்டாகிவிட்டது.

கொபுகுரோ ஒசாகா பக்கத்தில் சகாய் நகரத் தெருக்களில் 1998-இல் உருவானது. கொபுச்சி கெந்தாரோ எழுதுவார், 193 சென்டிமீட்டர் உயரமுள்ள குரோதா ஷுன்சுகே பாடுவார். கொபுச்சி மேல் சுருதியில் கூடவே பாடுவார். அப்போது குரோதாவுக்காக கொபுச்சி முதன்முதலில் எழுதிய பாட்டுதான் 'சகுரா'. 2005-இல்தான் சிங்கிளாக வந்தது. இவர்களின் 'ட்சுபொமி' (2007) ஜப்பான் ரெக்கார்டு விருது பெற்றது. தாயைப் புற்றுநோயில் இழக்கும் மகனைப் பற்றிய தொடருக்காக எழுதியது. கொபுச்சியும் பதினெட்டு வயதில் தாயை இழந்தவர். பாட்டில் அழுகை எங்கேயும் வெளிப்படையாக இல்லை. அதனாலேயே கேட்கிறவர்கள் அழுதுவிடுகிறார்கள்.

கின்கி கிட்ஸ் அண்ணன் தம்பிகளா? இருவருக்கும் தோமோட்டோ என்றே பெயர் இருக்கிறதே?

உறவே கிடையாது. தோமோட்டோ கோய்ச்சி ஹியோகோ மாகாணம், தோமோட்டோ ட்சுயோஷி நாரா மாகாணம். குடும்பப் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல். 1997-இல் 'கராசு நோ ஷோனென்' மூலம் அறிமுகம். வரிகள் மட்சுமோட்டோ தகாஷி, இசை யமஷிதா தட்சுரோ. புது ஐடல் (ஆடிப்பாடும் இளம் நட்சத்திரங்கள்) இளைஞர்களுக்கு உற்சாகமான டான்ஸ் பாட்டுதான் எல்லோரும் எதிர்பார்த்தது. யமஷிதா பழைய காலத்துச் சோக மெட்டு ஒன்றைக் கொடுத்தார். அந்த முடிவு எவ்வளவு சரி என்பதைக் காலம் காட்டிவிட்டது. அறிமுகத்திலிருந்து தொடர்ந்து எல்லா சிங்கிளும் முதலிடம் என்று கின்னஸ் சாதனையும் இவர்களுக்கு உண்டு. 2025-இல் குழுவின் பெயரை 'தோமோட்டோ' என்றே மாற்றிக்கொண்டார்கள்.

பெண்கள் இருவர் குழுக்களில் வேறு யாரைக் கேட்கலாம்?

விங்க்: 'சமிஷீ நெட்டாய்கியோ' 1989-இன் ரெக்கார்டு விருதுப் பாட்டு. சிரிக்காமல், பொம்மை மாதிரி நின்று ஆடுவார்கள்.

பஃபி: 'ஆசியா நோ ஜுன்ஷின்' (1996). வரிகள் இனோஉவே யோசுய், இசை ஒகுதா தமியோ. ஊர்ப் பெயர்களையும் நாட்டுப் பெயர்களையும் ஓசைக்காகக் கோத்திருப்பார்கள், அர்த்தம் தேட வேண்டாம். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 'டீன் டைட்டன்ஸ்' பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவர்கள் குரல் தெரியும். அதன் தலைப்புப் பாட்டு இவர்களுடையது.

கிரோரோவைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். ஒகினாவாவின் யோமிதான் ஊர்த் தோழிகள். தமாஷிரோ சிஹாரு பாட்டு, கின்ஜோ அயானோ பியானோ. 'நகாய் ஐதா', 'மிராய் எ' இரண்டும் 1998. அம்மாவை நினைத்து எழுதிய 'மிராய் எ' ஜப்பானியப் பள்ளிகளில் கோரஸாகப் பாடப்படுகிறது. அதே மெட்டை தைவான் பாடகி ரெனே லியூ 'ஹோலாய்' என்று சீன மொழியில் பாடினார், ஆனால் அங்கே அது இழந்துபோன காதலின் பாட்டு. தைவானிலும் சீனாவிலும் அதைத் தெரியாதவர் குறைவு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே மெட்டு இரண்டு துக்கங்களுக்கும் பொருந்துகிறது.

யோஅசோபி இவ்வளவு வேகமாகப் பெரிதானது எப்படி?

சோனி நடத்தும் 'மோனோகதாரி.காம்' என்ற கதைத் தளத்தில் வரும் சிறுகதைகளைப் பாட்டாக்குவது என்ற யோசனையில் 2019-இல் தொடங்கியது இந்தக் குழு. அயாசே, வோக்கலாய்டு மென்பொருளில் குரல் வைத்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். இகுரா, இகுதா லிலாஸ் என்ற பெயரில் தனியாகவும் பாடுகிறவர்.

முதல் பாட்டு 'யொரு நி ககேரு', ஹோஷினோ மாயோவின் சிறுகதையிலிருந்து வந்தது. கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் கதை மரண ஆசையைப் பற்றியது. அந்த முரண்தான் பாட்டை மறக்க விடுவதில்லை. சிடி இல்லாமலே 2020-இன் பில்போர்டு ஜப்பான் ஆண்டுப் பட்டியலில் முதலிடம். அந்த வருடக் கோஹகுவில், தொகோரோசாவாவில் உள்ள கதோகாவா முசாஷினோ அருங்காட்சியகத்தின் பிரம்மாண்டப் புத்தக அடுக்குகளுக்கு நடுவே நின்று பாடினார்கள். டிவியில் அவர்கள் பாடியது அதுவே முதல் முறை.

'ஐடல்' (2023) பாட்டை ஒரு முறை மெதுவாகப் பிரித்துக் கேளுங்கள். 'ஓஷி நோ கோ' அனிமேவுக்காக, அதன் கதாசிரியர் அகாசாகா அகா எழுதிய சிறுகதையை வைத்துச் செய்தது. முதலில் ரசிகர்களின் வியப்பு, அடுத்து அதே குழுவில் பின்னால் நிற்க நேர்ந்த பெண்களின் பொறாமை, கடைசியில் 'ஐ' என்ற அந்த நட்சத்திரத்தின் சொந்தக் குரல். மூன்றையும் இகுரா ஒருவரே பாடுகிறார், ஒவ்வொன்றுக்கும் குரலின் முகம் மாறுகிறது. அதற்கேற்ப அயாசே சுருதியை மாற்றிக்கொண்டே போகிறார், நடுவில் ராப்பும் ரசிகர் கூச்சலும் கோரஸும் வருகின்றன. பில்போர்டு ஜப்பானில் தொடர்ந்து 21 வாரம் முதலிடம். அமெரிக்கா நீங்கலான உலகப் பட்டியலிலும் முதலிடம், அதைச் செய்த முதல் ஜப்பானியப் பாட்டு இதுதான். மேடையில் எல்லோர் கண்ணும் இகுரா மேல் இருக்கும். பின்னால் கீபோர்டுகளுக்கு நடுவே நிற்கும் அயாசேயையும் பாருங்கள்.

'பிளிங்-பாங்-பாங்-பார்ன்' பாட்டும் இதில் சேர்த்தியா?

சேர்த்திதான். க்ரீப்பி நட்ஸ் என்பது ஒசாகாவின் ஆர்-ஷிதெய், நீகாதாவின் டிஜே மட்சுனாகா. 'மாஷ்லே' அனிமேவின் இரண்டாம் பருவத் தொடக்கப் பாட்டாக 2024 ஜனவரியில் வந்து, அந்த வருடத்தின் முதலிடப் பாட்டானது. கையை வீசி ஆடும் அந்த நடனம்தான் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் இது ரீல்ஸால் மட்டும் வந்த வெற்றி இல்லை. ஆர்-ஷிதெய் நாடு தழுவிய ராப் போட்டியில் 2012 முதல் 2014 வரை மூன்று முறை தொடர்ந்து வென்றவர். மட்சுனாகா 2019-இல் லண்டனில் நடந்த டி.எம்.சி. உலக டிஜே போட்டியின் சாம்பியன். ஜெர்சி கிளப் என்ற வேகமான டிரம் பாணியின் மேல் அவ்வளவு சொற்களை ஒன்றுகூடத் தடுமாறாமல் வைக்க அந்தப் பயிற்சி வேண்டும்.

ஏன் ஜப்பானில் இத்தனை இருவர் குழுக்கள்?

ஒரே காரணம் இல்லை. தெருவில் பாட இரண்டு கிட்டார் போதும், டிரம்ஸ் தூக்கிப் போக வேண்டாம். டிவி சட்டத்துக்குள் இருவர் அழகாக அடங்குவார்கள். மான்சாய் என்ற இருவர் நகைச்சுவைக் கலையைப் பார்த்து வளர்ந்த நாடு அது. ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிட என்று இரண்டு பேர் மேடையைத் தாங்குவது அங்கே பழகிய காட்சி. யுஸு, கொபுகுரோ கச்சேரிகளில் பாட்டுக்கு நடுவே நடக்கும் பேச்சைக் கேட்டால் அந்தச் சாயல் தெரியும்.

ஜப்பானிய மொழி தெரியாது. எப்படித் தேடுவது?

விக்கிப்பீடியாவில் குழுவின் பக்கத்தைத் திறந்து, ஜப்பானிய எழுத்தில் உள்ள பெயரை நகலெடுத்து யூடியூபில் ஒட்டுங்கள். அதிகாரபூர்வ சேனல் முதலில் வரும். ஒரு பாட்டைக் கேட்கும்போது முதல் முறை வரிகளைத் தேட வேண்டாம். இரண்டாம் முறை மொழிபெயர்ப்போடு கேளுங்கள். 'யொரு நி ககேரு' மாதிரிப் பாடல்களில் இப்படிக் கேட்டால்தான் அந்த அதிர்ச்சி முழுசாகக் கிடைக்கும்.

யோஅசோபி பிடித்துவிட்டது. அடுத்து?

யொருஷிகா. என்-புனா எழுதி இசையமைக்கிறார், சுயிஸ் பாடுகிறார், இருவரும் முகம் காட்டுவதில்லை. 'ஃப்ரீரென்' அனிமேவின் முதல் தொடக்கப் பாட்டு யோஅசோபியின் 'யூஷா', அடுத்தது யொருஷிகாவின் 'ஹரு'. ஒரே கதைக்கு இரண்டு இருவர் குழுக்கள் என்ன செய்தார்கள் என்று ஒப்பிட நல்ல வாய்ப்பு. எனக்கு 'ஹரு'தான் ஒரு படி மேல். பழைய பாட்டு வேண்டுமென்றால் 2018-இல் வந்த 'தத கிமி நி ஹரே'. கிளாரிஸ் குழுவின் 'கனெக்ட்' (2011) கேட்காமல் விடாதீர்கள். 'மதோகா மகிகா'வின் தொடக்கப் பாட்டு அது. பாடிய இரண்டு பேரும் அப்போது பள்ளி மாணவிகள், மேடைக்கு வராமல் ஓவியங்களுக்குப் பின்னால் இருந்தார்கள். பாட்டை ஒரு முறை கேளுங்கள், தொடரை முழுக்கப் பார்த்து முடித்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள்.